லேஅவுட்டின் கீழ்த்தளத்தில் நிற்கும் ரயில்களைப் பார்க்க எந்தக் கேமரா பொருத்தமானது?

மலைத்தடம்

அன்பர்களுக்கு வணக்கம். மாடியறையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில், ஹெச்ஓ அளவில் (1:87) மூன்று ஆண்டுகளாக ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டை அமைத்து வருகிறேன். மேல்தளத்தில் ஒரு நிலையமும் மலைச்சரிவும் இருக்கின்றன. கீழ்த்தளத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆறு தடங்கள் கொண்ட யார்டு இருக்கிறது. இரண்டு தளங்களுக்கும் இடையே இருபது சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஓடி முடித்த ரயில்கள் சுரங்க வாயில் வழியாக இறங்கி, அந்தத் தடங்களில் ஒன்றில் காத்திருக்கும்.

சென்ற வாரம் அப்படி இறங்கிய ரயிலின் கடைசி இரண்டு பெட்டிகள் கப்ளிங் (இணைப்புக் கொக்கி) விட்டு, தடங்கள் பிரியும் பாயின்ட் மேலேயே நின்றுவிட்டன. அது தெரியாமல் அடுத்த ரயிலை இறக்கினேன். எஞ்சின் அவற்றின்மீது மோதிச் சாய்ந்தது; நானே கையால் வண்ணம் பூசியிருந்த அதன் முன்படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் ஒடிந்துபோயின. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தோள்வரை கையை நுழைத்துத் துழாவித்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

வீட்டுப் பாதுகாப்புக்கென விற்கும் வை-ஃபை கேமராக்களில் இரண்டை உள்ளே வைத்துக் கைபேசியில் பார்த்துக்கொண்டால் போதுமா, அல்லது கம்பிவழிக் கேமராக்கள்தான் வேண்டுமா? எத்தனை மெகாபிக்சல் பார்த்து வாங்குவது?

பழைய கேபின்

வணக்கம் ஐயா. ஒடிந்த கைப்பிடிக் கம்பியின் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மெகாபிக்சல் கணக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது படம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைத்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை 87-ஆல் வகுத்தால், நம் ரயில் நொடிக்கு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் ஓடுகிறது. பல வை-ஃபை கேமராக்களின் படம் நிறுவனத்தின் சர்வர் வரை போய்த் திரும்பித்தான் கைபேசிக்கு வருகிறது என்பதால், இரண்டு நொடித் தாமதம் அவற்றில் சாதாரணம். அந்த இரண்டு நொடியில் ரயில் 38 சென்டிமீட்டர் போய்விடும். ஹெச்ஓ அளவில் ஒரு ஐசிஎஃப் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 24 சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். நானும் முதலில் அப்படி ஒன்றைத்தான் வைத்தேன். தடத்தின் முடிவுக்கு ஒரு சாண் முன்னால் எஞ்சின் வருவதைத் திரையில் கண்டு நிறுத்தியபோது, அது ஏற்கெனவே முட்டி நின்றிருந்த ஓசை கீழிருந்து கேட்டது. மலைச்சரிவைக் கம்பிவலை விரித்து அதன்மேல் பிளாஸ்டர் பூசிச் செய்திருந்தேன்; அந்த வலை வை-ஃபை சிக்னலையும் தடுத்ததால் படம் அடிக்கடி உறைந்து நின்றது.

இப்போது கம்பிவழி அனலாக் டோம் கேமரா (அரைக்கோள மூடி கொண்டது) வைத்திருக்கிறேன். பழைய அனலாக் வீடியோ வகையான சிவிபிஎஸ் சிக்னலுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய வகையாகப் பார்த்து வாங்கினால், டிவிஆர் என்னும் பதிவுப்பெட்டி இல்லாமலேயே கார்களில் பின்பக்கம் பார்க்கப் பொருத்தும் ஏழு அங்குல மானிட்டரில் நேராகச் செருகிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தாமதமே தெரியாது. கார்க் கேமராவையே வாங்குவோரும் உண்டு. ஆனால் அதன் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வரும். முதல் தடம் எது, ஆறாம் தடம் எது என்று அவசரத்தில் குழம்பிவிடும் என்பதால், நேர்ப்படத்துக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

அடுத்தது லென்ஸ். இந்தக் கேமராக்களை வாசலையும் கூடத்தையும் பார்ப்பதற்காகச் சில மீட்டர் தொலைவுக்குக் குவியம் வைத்து அனுப்புகிறார்கள். இருபது சென்டிமீட்டரில் எல்லாம் மங்கலாகத் தெரியும். டோம் மூடியைக் கழற்றினால் உள்ளே திருகுமறை கொண்ட சிறு லென்ஸ் இருக்கும். அதை இடஞ்சுழியாக மெல்லத் திருப்பினால் சென்சாரிலிருந்து விலகி, கிட்டத்துப் பொருளுக்குக் குவியம் வரும். சிலவற்றில் சொட்டுப் பசை வைத்திருப்பார்கள். பதறாமல் சுரண்டி எடுங்கள். கிடைமட்டத்தில் 90 பாகைக் கோணம் கொண்ட லென்ஸ் இருபது சென்டிமீட்டர் தொலைவில் நாற்பது சென்டிமீட்டர் அகலத்தைக் காட்டும் என்பதால், உங்கள் பாயின்ட் வரிசை முழுவதையும் ஒரே கேமராவில் அடக்க முடியாமல் போகலாம்.

இரவுச் சரக்கு

லென்ஸைப் பற்றி மேலே நண்பர் சொன்னது முழுக்கச் சரி. இருட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ரயில் வருவதை அறியத் தடங்களுக்கு நடுவே அகச்சிவப்பு உணரிகளை வைத்திருந்தால், கேமராவின் இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு எல்இடிகளைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். என் லேஅவுட்டில் கேமரா இரவுப் பார்வைக்கு மாறிய ஒவ்வொரு முறையும் இரண்டு உணரிகள் தவறான தகவல் தந்தன. காரணம் தெரியாமல் ஒரு மாதம் சாலிடர் இணைப்புகளையே பிரித்துப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உணரிகள் இல்லாவிட்டாலும், அவ்வளவு கிட்டத்தில் அந்த ஒளி பட்டால் பெட்டிகள் வெளுத்துப்போய் விவரம் ஏதும் தெரியாது. மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் 12 வோல்ட் வெள்ளை எல்இடிப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுவது மேல்.

ஆனால் என் கருத்தில் கேமராவைவிடத் தடத்தில் மின்னோட்டம் பார்த்து வண்டி இருப்பதை அறியும் டிடெக்டர்களே நம்பகமானவை. கண் அயரும், டிடெக்டர் அயராது.

பழைய கேபின்

டிடெக்டர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்கு நேர்ந்த விபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளிங் விட்டு நின்ற இரண்டு பெட்டிகளிலும் மோட்டாரோ விளக்கோ இல்லையென்றால், அவை மின்னோட்டம் எடுப்பதில்லை. டிடெக்டர் அந்தத் தடத்தைக் காலி என்றே காட்டும். ஒவ்வொரு ரயிலின் கடைசிப் பெட்டிக்காவது, அச்சில் 10 கிலோஓம் மின்தடை பொருத்திய சக்கரங்களைப் போட்டால்தான் அது பிடிபடும். எல்லாப் பெட்டிகளுக்கும் அதைச் செய்து முடிக்கும்வரை, பாயின்ட் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்குக் கேமரா வேண்டும்.

இன்னொன்று. கேமராவுக்குத் தனி அடாப்டரிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். டிசிசி (எஞ்சின்களை டிஜிட்டல் முறையில் இயக்கும் கட்டுப்பாடு) தடமின்சாரம் இருபுறமும் மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. அதிலிருந்து நேரடியாக எடுக்கக் கூடாது. வீடியோக் கம்பியையும் டிசிசி கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்துங்கள். இல்லாவிட்டால் திரையில் கோடுகள் ஓடக்கூடும்.

மலைத்தடம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர் ஒருவரின் கடையில் கழற்றிப் போட்டிருந்த டோம் கேமரா ஒன்றை வாங்கிவந்து, இருபது சென்டிமீட்டர் எதிரே செய்தித்தாளை நிறுத்தி லென்ஸைத் திருப்பினேன். மெல்லத் திருப்பிய பிறகு வரிவிளம்பர எழுத்துகளே தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு தடத்திலும் ஃபவுலிங் மார்க் (பக்கத்துத் தடத்து ரயிலில் உரசாமலிருக்கப் பெட்டி தாண்டி நிற்க வேண்டிய எல்லை) வரும் இடத்தில் ஸ்லீப்பர்மீது வெள்ளைக் கோடு தீட்டியிருக்கிறேன். கடைசிப் பெட்டி அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்பது இப்போது மானிட்டரில் ஐயமின்றித் தெரிகிறது. தடங்கள் முடியும் மறுமுனைக்கு இரண்டாவது கேமரா வந்ததும், மானிட்டரின் இன்னொரு உள்ளீட்டில் இணைத்துவிடுவேன். மின்தடைச் சக்கரங்களை, முதலில் கப்ளிங் விட்ட அந்த ரயிலிலிருந்தே தொடங்குகிறேன்.