பிளஸ் ஒன் படிப்பும் 400 மீட்டரும்: பள்ளி மாற்றலாமா, பயிற்சியை எப்படி வகுப்பது?

பெரம்பூர் அப்பா:
வணக்கம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். இந்த ஜூனில் அங்கேயே பிளஸ் ஒன், கணக்கு–உயிரியல் குரூப். 400 மீட்டர் ஓடுகிறாள், வருவாய் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். ஒரு தனியார் பள்ளி ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலும் கோச்சும் தருகிறோம் என்று கூப்பிடுகிறது. மாற்றலாமா? வாரத்துக்கு எத்தனை நாள் ஓடினால் போதும்? எந்தச் சான்றிதழ் கல்லூரி சேர்க்கைக்குச் செல்லும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேர்க்கை உதவி:
சார், டி.சி.க்கு (மாற்றுச் சான்றிதழுக்கு) எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி இதில் அடங்கும். பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியாருக்குப் போனாலும் அந்த உரிமை மொத்தமாகப் போய்விடும், பிறகு திரும்பி வந்தாலும் கிடைக்காது. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்த ஒதுக்கீடு இது. இதன் வழியே சேர்பவருக்குக் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது.

எதிர்ப்பக்கத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டைப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் வெறும் 7. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வருவாய் மாவட்டச் சான்றிதழை மட்டும் நம்பி அதில் நிற்க முடியாது. மகள் இப்போது இருக்கும் பள்ளியிலேயே இருந்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். இலவசம் என்று கூப்பிடும் பள்ளி, அவள் கையில் ஏற்கெனவே இருப்பதை விலையாகக் கேட்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

சான்றிதழ் விஷயம். குறுவட்டம் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தது), வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. பள்ளிக்கல்வித் துறை நடத்தும் இந்த வரிசையில் மேலே போகப் போகத்தான் மதிப்பு. முதலமைச்சர் கோப்பையை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது, பள்ளிப் பிரிவுக்கு வயது 12 முதல் 19. ஆன்லைனில் முன்பதிவு செய்தால்தான் ஓட முடியும். நுழைவுக் கட்டணம் வாங்கி, எல்லோருக்கும் பளபளவென்று சான்றிதழ் கொடுக்கும் தனியார் ‘ஓப்பன் மீட்’ சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறார்கள். சரிபார்ப்பு மேசையில் அவை எடுபடுவதில்லை.

அதிகம் சறுக்கும் இடம் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா மு’ என்று இருக்கும், போட்டிச் சான்றிதழில் ‘எம். கவிதா’ என்று இருக்கும். நுழைவுப் படிவத்தை அவசரத்தில் நிரப்பும்போது இது நடக்கிறது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவதற்கு முன் இனிஷியல், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) மூன்றையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் போட்டி நடந்த வாரத்திலேயே திருத்திக் கேளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த அமைப்பாளரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பெரம்பூர் அப்பா:
நன்றி சார். அரசு உதவி பெறும் பள்ளி என்றால்?

சேர்க்கை உதவி:
உதவி பெறும் பள்ளி சேராது. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தாலும் முதலில் இதையே கேளுங்கள்: எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், அது அரசுப் பள்ளியா என்று.

பி.இ.டி. மாஸ்டர்:
ஐயா, 400-க்கு வாரம் ஐந்து நாள் போதும். அதில் கடினமான நாள் மூன்றைத் தாண்டக் கூடாது. திங்கள்: 150 மீட்டர் ஆறு முறை, இடையே நடந்து திரும்பும் ஓய்வு. புதன்: 300 மீட்டர் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 8 நிமிடம். சனி: 500 ஒன்று, 10 நிமிடம் கழித்து 200 இரண்டு. செவ்வாயும் வியாழனும் 25 நிமிட மெது ஓட்டமும் வயிறு, இடுப்புத் தசைப் பயிற்சியும். இரண்டாவது 300-க்கு முதலாவதைவிட 3 நொடிக்கு மேல் கூடுதலாக எடுத்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓடுவது வெறும் களைப்பு.

நகரத்துப் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் 200 மீட்டர் மண் தடம்தான் கிடைக்கும். வளைவு குறுகலாக இருப்பதால் இடது கால் கணுக்காலிலும் முழங்காலின் உட்பக்கத்திலும் பாரம் ஏறும். வார்ம்-அப் சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடச் சொல்லுங்கள். கடற்கரையில் ஓடுவதானால் அலை நனைத்துப் போன இறுகிய மணலில் மட்டும். காய்ந்த பொதி மணலில் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சிந்தெடிக் தடம் இருக்கிறது, பெரம்பூரிலிருந்து பக்கம்தான். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் சனிக்கிழமைப் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஸ்பைக்கில் 6 மி.மீ. முள் போதும். அக்டோபர், நவம்பர் மழையில் பள்ளி மைதானம் குளமாகிவிடும். அந்த நாட்களுக்குப் படிக்கட்டு ஏற்றமும் ஸ்கிப்பிங்கும் கைவசம் இருக்கட்டும்.

சாப்பாடு பற்றி யாரும் சொல்வதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை ஆறு மணிக்கு ஓடிவிட்டு நேரே வகுப்புக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளை மதியம் வரை வெறும் டீயோடு இருந்தால் பயிற்சி உடம்பில் ஒட்டாது. ஓடி முடித்த அரை மணிக்குள் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ, கூடவே ஒரு வாழைப்பழமும் கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் பிள்ளைகள் பைக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ரத்தசோகை இருந்தால் கடைசி 100 மீட்டரில் கால் கல்லாகக் கனக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், பக்கத்தில் டீ வேண்டாம்.

பிசிக்ஸ் டீச்சர்:
பள்ளி மாற்றுவது பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படிப்புப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். குறுவட்டப் போட்டி நடக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் ஓடும். அதில் வெக்டரும் வகையிடலும் (டிஃபரன்சியேஷன்) வந்துவிடும். கணக்கில் அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. இதனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே திணறுவார்கள், ஆன் டியூட்டியில் (பள்ளி அனுமதியோடு போட்டிக்கு) போன பிள்ளைக்கு அடுத்த பாடமும் புரியாது. இந்த விடுமுறையிலேயே வகையிடலின் அடிப்படை விதிகளை மட்டும் பழகட்டும்.

ஆன் டியூட்டி வருகைப்பதிவைக் காப்பாற்றும், செய்முறையைக் காப்பாற்றாது. பிளஸ் டூவில் இயற்பியலுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அறுபது பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் சோதனையைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத்தான் செய்வார்கள். தவறவிட்டால் தனியாக மேசை கிடைக்காது. போட்டித் தேதி தெரிந்த அன்றே ஆசிரியரிடம் சொல்லி வேறு தொகுதியோடு சேர்ந்து செய்துவிட்டு, அன்றைக்கே ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். விட்டுப்போன உள்தேர்வுக்கு மறுதேர்வையும் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டது மறந்துபோகும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. நேரம் குறைவாக இருக்கும் நாளில் எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். மாலையில் ஓடிய நாட்களில் இரவு கணக்குப் போட வைக்காதீர்கள், கண் சொருகும். அன்றைக்கு ரெக்கார்டும் உயிரியல் படங்களும் எழுதட்டும், கணக்கை ஓட்டம் இல்லாத வெள்ளியும் ஞாயிறும் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் அப்பா:
டி.சி. வாங்கவில்லை. நாளைக்கு மாஸ்டரிடம் போய் நுழைவுப் படிவத்தில் இனிஷியலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.