பொருள்: ஆண்டெனாவுக்கு ஒரு சொல், அதைத் தாங்குவதற்கு வேறொரு சொல்

குடந்தையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். நகராட்சிக்குச் சொந்தமான இடங்களிலும் கட்டடங்களிலும் செல்பேசிக் கருவிகள் வைப்பதற்கான விதிவரைவு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆண்டெனா, டவர், போல், மாஸ்ட் என்று நான்கு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. செய்தித்தாள்கள் 'செல்போன் கோபுரம்' என்று எழுதுவதால் நானும் பெரும்பாலான இடங்களில் 'கோபுரம்' என்றே போட்டுக்கொண்டு போனேன். இந்த வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டேன்:

"பாதுகாக்கப்பட்ட கோயில் கோபுரத்திலிருந்து 100 மீட்டருக்குள் கோபுரம் அமைத்தல் கூடாது."

தாராசுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத மனம் ஒப்பவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சையிலிருந்து:

அம்மா, சொல்லைப் பார்க்குமுன் அந்த வாக்கியத்தையே திருத்துங்கள். தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தப்படி 100 மீட்டரைக் கோபுரத்திலிருந்து அளப்பதில்லை; பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்கிறார்கள். முதல் 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே உரிய அனுமதி பெற்றுக் கட்டலாம். "சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து" என்று எழுதினால் ஒரு கோபுரம் தானாகவே விழுந்துவிடும்.

மற்ற கோபுரம் அப்படிப் போகாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போட்டால் காசிலேயே தப்பு வரும். வழியுரிமை, அதாவது தொலைத்தொடர்புக் கம்பியும் கம்பமும் அமைக்க இடத்தைப் பயன்படுத்தும் உரிமை, பற்றிய விதிகளின் 2022 திருத்தத்தில் 8 மீட்டர் வரை உயரமுள்ளது கம்பம். அதற்குமேல் போனால் டவர். விண்ணப்பக் கட்டணத்தின் உச்சவரம்பு கம்பத்துக்கு 1,000 ரூபாய், டவருக்கு 10,000 ரூபாய். ஏற்கெனவே நிற்கும் தெருவிளக்குக் கம்பத்தில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டுவது மூன்றாவது வகை. அதற்கு ஆண்டுக்கு நகர்ப்புறத்தில் 300, ஊர்ப்புறத்தில் 150. 2024இல் வந்த புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. தொகைகளை அந்த அட்டவணையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நடுவணரசு மாநிலங்களுக்கு அனுப்பிய 2013 அறிவுரைக் குறிப்பில், எதிரே அதே உயரத்தில் இருக்கும் கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பது ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2 ஆண்டெனாவுக்கு 35 மீட்டர், 6 என்றால் 55 மீட்டர். அங்கே எண்ணுவது ஆண்டெனாவை, டவரை அல்ல. "6 கோபுரங்கள் இருந்தால் 55 மீட்டர்" என்று தமிழில் போனால், ஒரே டவரில் 6 ஆண்டெனா மாட்டியவர் தமக்கு இந்த விதி பொருந்தாது என்று வாதாடலாம்.

மன்னையிலிருந்து:

ஆண்டெனாவுக்கு 'அலைவாங்கி' என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. ஒலிவாங்கி, இடிதாங்கி, சுமைதாங்கி என்று இகரம் ஏறிய வினைமுதற் பெயர்கள் நம்மிடம் வரிசையாக இருக்கின்றன. கூடிப் பேசி முடிவெடுக்க இதில் என்ன இருக்கிறது? 'ஆண்டெனா' என்று எழுதுவது சோம்பல்.

திருவாரூரிலிருந்து:

ஐயா, பாலிடெக்னிக் வகுப்பில் இந்தச் சொல்லால் வரும் சிக்கலைச் சொல்கிறேன். அலைவாங்கி என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் அது வாங்க மட்டும்தான் செய்யும் என்று எழுதுகிறார்கள். வீட்டு மாடியில் டிவிக்கு வைத்திருந்த ஏரியலுக்கு அது சரி. செல்பேசி நிலையத்தில் பலகை வடிவ ஆண்டெனா ஒன்றே அனுப்பவும் செய்கிறது, வாங்கவும் செய்கிறது. மக்கள் அஞ்சுவதும் விதி கட்டுப்படுத்துவதும் அது அனுப்புகிற பாதியைத்தான். 2012 செப்டம்பர் 1 முதல் கதிர்வீச்சு வரம்பு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800இல் 0.9 வாட். 'வாங்கி' என்று பெயர் வைத்துவிட்டு அது வெளிவிடுவதற்கு வரம்பு விதித்தால், படிக்கிற மன்ற உறுப்பினர் குழம்பமாட்டாரா?

மன்னையிலிருந்து:

> வாங்க மட்டும்தான் செய்யும்

வாங்குதல் என்றால் பெறுதல் மட்டும் இல்லை. வளைத்தல், இழுத்தல் என்பவையே அதன் பழம்பொருள்கள். வாங்குவில் என்றால் வளைந்த வில். நாணை வாங்குவதே அம்பை விடுவதற்குத்தான். ஆகவே அலையை வாங்கி விடுவது என்னும் இரு செயலும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கும்.

திருவாரூரிலிருந்து:

அகராதியில் அடங்கும் ஐயா. கடையில் பால் வாங்கும் இன்றைய வழக்கில் அடங்காது.

நாகையிலிருந்து:

எல்லாரும் செயலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். வடிவத்தைப் பாருங்கள். ஆண்டெனா இலத்தீன் சொல். பாய்மரக் கப்பலில் பாயைக் கட்டும் குறுக்குமரம் என்பது அதன் பொருள். எங்கள் துறைமுகத்து மொழியில் அது பருமல். 15ஆம் நூற்றாண்டில் தியோடோர் காசா அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலை இலத்தீனில் பெயர்த்தபோது, பூச்சியின் கொம்புகளைக் குறிக்க இந்தக் கப்பல் சொல்லை எடுத்தார். பின்னால் மார்க்கோனி காலத்தில் இத்தாலியர்கள் கம்பத்தைச் சொல்லும் அதே சொல் வானொலிக்கு ஏறியது. ஆக, கப்பலில் இருந்து பூச்சிக்கும் கம்பத்துக்கும் போன சொல் இது.

நம்மிடம் கப்பல் இல்லையா? பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் நின்ற நாவாய்களைச் சொல்லும்போது 'மிசைக் கூம்பின் நசைக் கொடியும்' என்கிறது. கூம்பு என்றால் பாய்மரம். உயர்ந்து நிற்பது, உச்சியில் அடையாளம் ஏந்துவது, தொலைவில் இருப்பவனுக்குச் செய்தி சொல்வது. புறநானூறு 30ஆம் பாட்டிலும் கூம்போடு புகார் புகுந்த பெருங்கலம் உண்டு. டவருக்குக் கூம்பு, ஆண்டெனாவுக்குப் பருமல். இரண்டும் இந்த ஆற்று முகத்துவாரத்திலேயே புழங்கிய சொற்கள். கோயிலோடு மோதாது.

திருவாரூரிலிருந்து:

பாட்டு அருமை. ஆனால் 10ஆம் வகுப்புக் கணக்கில் கூம்பு வேறு. வட்ட அடியும் கூரிய முனையும் கொண்டது. அதன் வளைபரப்பைக் கணக்கிட்டுத்தான் பிள்ளைகள் தேர்வெழுதுகிறார்கள். கூம்பு வடிவ ஆண்டெனாக்களே தனி இனமாக இருக்கின்றன. கூம்பின்மேல் கூம்பு வைத்தார்கள் என்று எழுத நேரும்.

மாயூரத்திலிருந்து:

பத்திரம் எழுதுகிற பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். சனங்கள் வாயில் இருப்பது 'டவர்' ஒன்றுதான். மனு எழுதிக்கொண்டு வருகிறவர் டவர் என்றுதான் எழுதுவார். விதியில் வேறு சொல் இருந்தால், டவர் என்பது இதில் அடங்கும் என்று முதல் பக்கத்திலேயே விளக்கம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தர் மனுவைத் திருப்பிவிடுவார்.

என் கவலை வேறு சொல்லைப் பற்றி. வரைவில் வழியுரிமைக்கு 'வழிநடைப் பாத்தியம்' போட்டிருப்பதாகக் குடந்தை அம்மா தனியே கேட்டிருந்தார். போடாதீர்கள். கிரயப் பத்திரத்தில் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் எல்லாம் நிலத்தோடு சேர்ந்து வாரிசுக்குப் போகிறவை. 1885 தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவே, கம்பி போகும் சொத்தின்மேல் பயன்படுத்தும் உரிமை தவிர வேறு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. புறம்போக்கில் கம்பம் நட்டவருக்குப் பாத்தியம் என்று எழுதிக்கொடுத்தால், பத்து வருடம் கழித்து அதைக் காட்டி வழக்காடுவார்கள். 'வழியுரிமை'யோ, வெறும் 'இடப்பயன்பாட்டு அனுமதி'யோ போதும்.

மன்னையிலிருந்து:

பாத்தியம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆண்டெனாவுக்கு வருவோம். நாகையார் சொன்ன பூச்சிக்கொம்பு என்னை மாற்றிவிட்டது. 'அலைக்கொம்பு' என்று வைத்துக்கொள்ளலாம். உயிரியல் பாடத்தில் உணர்கொம்பு ஏற்கெனவே இருக்கிறது. அது செய்தியை வாங்குகிறது. கோயிலில் ஊதுகிற கொம்பு ஒலியை அனுப்புகிறது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. திருவாரூர் அம்மையாரின் தடையும் தீர்ந்தது.

ஆனால் வல்லெழுத்து விடுபடவே கூடாது. அலைக்கொம்பு என்றால் அலைக்குரிய கொம்பு. 'அலைகொம்பு' என்று எழுதினால் அலைகடல் போல வினைத்தொகையாகி, ஆடுகிற கொம்பு என்று பொருள்படும்.

தஞ்சையிலிருந்து:

மன்னை ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரு தொந்தரவு: ஹார்ன் ஆண்டெனா என்றே ஒரு வகை இருக்கிறது, கொம்புக் கொம்பு ஆகிவிடும். நகராட்சி விதியில் அது வராது என்பதால் இங்கே தாங்கும். பாடநூலில் தாங்காது.

சொல் எதுவானாலும் தொங்குகிறதையும் தாங்குகிறதையும் பிரித்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வாங்குகிறோம். ஆண்டெனாவுக்குக் கதிர்வீச்சு அளவுச் சான்று. தாங்குவதற்குக் கட்டமைப்பு உறுதிச் சான்று. காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலையில், 2015 பதிப்பில், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் வரும் தொலைத்தொடர்பு டவருக்குக் காற்றுவேகத்தை 1.30ஆல் பெருக்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் சுமை 1.69 மடங்காகிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு இந்தப் பெருக்கெண்ணை யாரும் விட்டுவிடக் கூடாது. நிற்கிற டவரில் இன்னொரு நிறுவனம் மூன்று திசைக்கு மூன்று பலகை ஏற்றினாலும் காற்றுபடும் பரப்பு கூடுகிறது. உறுதிச் சான்றைப் புதிதாக வாங்கவேண்டும். "கோபுரம் புதிதல்ல, ஆகவே சான்று தேவையில்லை" என்ற வாதம் ஒற்றைச் சொல்லால்தான் பிறக்கிறது.

தெருவிளக்குக் கம்பம் பற்றிய பிரிவில் மூலத்திலேயே சில ஓட்டைகள் இருக்கின்றன. மொழிபெயர்க்கும்போது அடிக்குறிப்பாகவாவது சொல்லிவிடுங்கள். முதலாவது, பல தெருக்களில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்குதான் நகராட்சியுடையது. யார் அனுமதி தரவேண்டும் என்பது கம்பத்துக்குக் கம்பம் மாறும். தெருவிளக்கு வரியில் மாலையில்தான் மின்சாரம் விடுவார்கள். கருவிக்கு 24 மணி நேரமும் வேண்டும். தனி மீட்டரோடு தனி இணைப்பு இல்லாவிட்டால் விடிந்ததும் கருவி அணைந்துவிடும். சிமென்ட் கம்பத்தில் துளை போடவே கூடாது, உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி அறுந்தால் கம்பத்தின் வலுவே போய்விடும். சுற்றிக் கட்டும் கிளாம்ப்தான் போடவேண்டும்.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் வைக்கும்போதும் அப்படித்தான். தொட்டிச் சுவரில் போல்ட் அடித்தால் அந்த வழியாக நீர் இறங்கி உள்கம்பி துருப்பிடிக்கும். தூண்களில் வளையம் கட்டி அதிலிருந்து நீட்டவேண்டும். தொட்டி கழுவ ஏறுகிறவர் ஆண்டெனாவின் முகத்துக்கு நேரே நிற்க நேர்ந்தால் அதுவரை கருவியை அணைத்துவைக்க வேண்டும். யாருக்குச் சொல்லி அணைப்பது என்ற எண் ஏணியின் அடியிலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கே 'கோபுரத்தை அணைத்துவைக்க' என்றா எழுதுவீர்கள்?

குடந்தையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. தஞ்சைத் தம்பியின் கடைசிக் கேள்விதான் என்னை முடிவெடுக்க வைத்தது. வரைவில் இப்படிப் போகிறது:

அலையை அனுப்பி வாங்கும் கருவி 'ஆண்டெனா'. வரையறைப் பகுதியில் "அலைக்கொம்பு எனினும் அமையும்" என்று ஒரு வரி. 8 மீட்டர் வரை 'கம்பம்'. அதற்குமேல் 'டவர்'. கம்பம், டவர், மாஸ்ட் மூன்றுக்கும் பொதுவாக வேண்டிய இடத்தில் 'தாங்கமைப்பு'. கோபுரம் என்ற சொல் கோயிலுக்கு மட்டும். பாத்தியம் எடுத்தாயிற்று, 'வழியுரிமை' இருக்கிறது.

தெருவிளக்கு, போக்குவரத்து விளக்கு, பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் சேர்த்து மூலம் ஒரே தொடரில் தெருவின் மரச்சாமான் என்பதுபோலச் சொல்கிறது. 'தெரு அறைகலன்' எழுத முடியாது, அறையே இல்லை. 'தெருத் தளவாடம்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நாளை மதியத்துக்குள் யாராவது வேறு சொல் தந்தால் மாற்றுவேன்.

திருவாரூரிலிருந்து:

தளவாடம் என்றால் படைக்கலம் நினைவுக்கு வரும். 'தெருவோர அமைப்புகள்' என்று நீட்டி எழுதிவிடுங்கள்.

மன்னையிலிருந்து:

ஆண்டெனா முன்னால், அலைக்கொம்பு பின்னால் என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. காலக்கெடுவுக்காகத் தடுக்கவும் இல்லை.

நாகையிலிருந்து:

'டவர்' என்று தமிழில் எழுதிக் கையெழுத்திடப் போகிறோம், கூம்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு. என் மறுப்பு பதிவாகட்டும். கணக்குப் புத்தகத்துக் கூம்பை மாற்றுவது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.