மனிதக் கல்லீரல் திசுவில் குப்ஃபர் செல்லைத் தனித்துக் காட்ட வழி உண்டா?

வணக்கம். கல்லீரல் புற்றுநோய்த் திசுக்களில் மேக்ரோபேஜ்களை (கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களை) எண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபினில் பதித்த மனிதத் திசு. மேக்ரோபேஜ்களில் உள்ள சிடி68 புரதத்தைக் காட்டும் சாயம் அழகாகத்தான் ஏறுகிறது. சிக்கல் என்னவென்றால், சைனுசாய்டு (கல்லீரலின் நுண் ரத்தக்குழாய்) சுவரை ஒட்டி நீண்டு கிடக்கும் குப்ஃபர் செல்லும் (கல்லீரலிலேயே நிலையாக வாழும் மேக்ரோபேஜ்), ரத்த மோனோசைட்டிலிருந்து உருவாகிக் கட்டியின் விளிம்பில் குவிந்திருக்கும் மேக்ரோபேஜும் ஒரே பழுப்பாகத் தெரிகின்றன. சிடி163 என்ற இன்னொரு மேக்ரோபேஜ் புரதத்துக்கான சாயத்தைச் சேர்த்தாலும் பயனில்லை. அது இரண்டிலுமே இருக்கக்கூடியது. சுண்டெலியில் ஆய்வு செய்பவர்களுக்குக் குப்ஃபர் செல்லைத் தனித்துக் காட்டும் கிளெக்4எஃப் புரதம் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்! மனிதத் திசுவில் அது கைகொடுப்பதில்லை.

குப்ஃபர் செல்லுக்கு அடையாளமாகச் சொல்லப்படும் மார்கோ, டிம்4, விசிக்4 புரதங்களில் எதையாவது பாரஃபின் திசுவில் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? எந்த ஆன்டிபாடி குளோன் (வகை), ஆன்டிஜென் மீட்புக்கு (ஃபார்மலின் மறைத்த புரதத்தை ஆன்டிபாடிக்கு மீண்டும் வெளிக்காட்ட) சிட்ரேட் கரைசலா, ஈடிடிஏ கரைசலா என்று சொன்னால் பெரிய உதவி. சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) முற்றிய பகுதியில் டிம்4 எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லீரலில் இயல்பாகவே பயோட்டின் அதிகம் என்பதால் ஏற்கெனவே பயோட்டின் பயன்படுத்தாத பாலிமர் சாயமுறைதான். அதற்கு மாறச் சொல்லும் யோசனை வேண்டாம். ஆனால் லிப்போஃபுசின் (செல்லில் இயல்பாகச் சேரும் நிறமி) பழுப்பும் டிஏபி (நான் பயன்படுத்தும் சாய நிறமி) பழுப்பும் கண்ணைக் குழப்புகின்றன. சிவப்பு நிறமிக்கு மாறியவர்கள் யாராவது உண்டா? எண்ணுவது எளிதானதா? கட்டுரைகள் நிறையப் படித்துவிட்டேன், சாயமிட்டுப் பார்த்தவரின் அனுபவம்தான் வேண்டும்.