ஊதுபத்தி வாசம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியை இரண்டு பையன்களுக்கு விட்டிருந்தேன். புரோக்கர் கூட்டிவந்த ஆட்கள். ஒன்றாம் தேதி ஜிபேயில் வாடகை வந்துவிடும், வாய்க்கு வாய் அண்ணாச்சி வேறு. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியதோடு சரி, வாடகைச் சட்டப்படி அதைப் பதியக்கூட இல்லை.

சாயங்காலமானால் மேலேயிருந்து ஊதுபத்தி வாசம் தார்சா வரைக்கும் இறங்கும். "இந்த வயசுல இவ்வளவு பக்தியா?" என்றாள் வீட்டம்மா. ஊதுபத்திக்கு அடியில் வேறொரு புகை. நான் வாட்ஸ்அப்பில், "தம்பி, மாடியில சிகரெட் வேண்டாம், பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற வீடு" என்று ஒரு வரி போட்டேன். "சரி அண்ணாச்சி" என்று பதில் வந்தது. அதோடு விட்டாச்சு.

மூன்று வாரம் கழித்து, ராத்திரி பத்தரைக்குப் போலீஸ். பரணில் அரிசிச் சாக்குக்குள் பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம். எடை போட்டால் ஒன்றேமுக்கால் கிலோ கஞ்சா. எஸ்.ஐ. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

அந்தக் கேள்வியின் கனம் மறுநாள் வக்கீல் வீட்டில்தான் புரிந்தது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், 25ஆவது பிரிவு. வீட்டுக்காரன் தெரிந்தே இடம் கொடுத்திருந்தால், குற்றம் செய்தவனுக்கு உள்ள தண்டனைதான் அவனுக்கும். கஞ்சா ஒரு கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குள் இருந்தால் 10 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். விற்றால்தான் என்று இல்லை, உட்கார்ந்து இழுக்கத் தெரிந்தே இடம் கொடுத்தாலும் இந்தப் பிரிவு பாயும்.

நான் பெருமையாகப் போனை நீட்டினேன். பாருங்க, நான் அப்பவே கண்டிச்சிருக்கேன்!

அவர் முகம் மாறிவிட்டது. "சிகரெட்டுன்னு எழுதினீரே, பிழைச்சீர். இதுல கஞ்சான்னு இருந்தா, தெரிஞ்சும் வாடகை வாங்கினதுக்கு நீரே எழுதிக் கொடுத்த சாட்சியாப் போயிருக்கும். சந்தேகம் வந்தா அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து ரசீது வாங்கணும் வே."

கடைசியில் என்னைச் சாட்சியாகத்தான் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்து, அதிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

போன மாதம் ஒரு பையனின் அம்மா நாங்குநேரிப் பக்கமிருந்து வந்திருந்தாள். வக்கீல் பீஸுக்காக, மாடிக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் பணம் திரும்ப வேண்டுமாம். வாசல்படியில் உட்கார்ந்து மோர் குடித்தாள். எண்ணிக் கொடுத்தேன், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.