செபு தீவில் ஆங்கிலம் படித்தவர்கள் யாராவது உண்டா?

கேள்வி: ஒசாகாவில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வாசிப்பேன், பேச வாய் வராது. அலுவலகத்து ஜப்பானியர்கள் பிலிப்பைன்ஸின் செபு தீவுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். பலன் இருக்குமா?

பதில்: நான் எட்டு வாரம் படித்தேன். பலன் நிச்சயம் உண்டு. பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி மட்டும் கொள்ளும் தடுப்பறை. நாம் பேசியே ஆகவேண்டும். நான் தப்பாகச் சொன்னால் டீச்சர் பென்சிலால் மேசையை மெல்லத் தட்டுவார். நானே திருத்திச் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். அந்த அம்மாவை என்னால் மறக்க முடியாது. அறைத்தோழி கொரியப் பெண். இரவில் அரைகுறை ஆங்கிலத்தில் இருவரும் வீட்டுக் கதை பேசிப் பேசித்தான் எனக்குக் கூச்சம் விட்டது.

வேறொருவர்: சுற்றுலா விசா மட்டும் போதாது, எஸ்எஸ்பி என்ற படிப்பு அனுமதியும் வேண்டும். வழக்கமாகப் பள்ளியே வாங்கித் தரும். ‘ஸ்பார்ட்டா’ வகைப் பள்ளி என்றால் வார நாளில் வெளியே விடமாட்டார்கள், கேட்டுச் சேருங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா. நான் சைவம், சமாளிக்கலாமா? வெளியே ஆங்கிலம் காதில் விழுமா?

பதில்: சாப்பாடு கஷ்டம்தான் தம்பி. எங்கள் விடுதியில் கொரியச் சமையல், சூப்பில்கூட இறைச்சி. சோறு, முட்டை, மாம்பழம் என்று ஓட்டினேன். கடைக்காரர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், ஆனால் தங்களுக்குள் பேசுவது செபுவானோ. ஜீப்னி என்ற சிறு பேருந்திலிருந்து இறங்க ‘லுகார் லாங்’ என்று குரல் கொடுக்கவேண்டும். அதை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்.