எய்டட் ஸ்கூல்ல டீச்சர் வேலை, டிகிரி செல்லாதுன்னு நியமன ஒப்புதல் வரல. யார்ட்ட அப்பீல் பண்ணணும்?

களக்காட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்குநேரி பக்கம் ஒரு எய்டட் ஹைஸ்கூல்ல பி.டி. இங்கிலீஷ் டீச்சரா போன வருஷம் சேந்தேன். சாங்ஷன் ஆன பணியிடம்தான், முன்னாடி இருந்த டீச்சர் ரிட்டயர் ஆகி காலியான எடம். பேப்பர்ல விளம்பரம் குடுத்து இன்டர்வியூ வச்சுதான் எடுத்தாங்க. பி.எட். இருக்கு, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பேப்பர் 2 பாஸ். இப்ப என்னன்னா ஸ்கூல்ல இருந்து நியமன ஒப்புதலுக்கு அனுப்புன கருத்துரு ஓகே ஆகல, ஏன்னா என் டிகிரி பி.ஏ. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், அது பி.ஏ. இங்கிலீஷுக்கு சமம் இல்லையாம். போயட்ரி டிராமா கிராமர்னு மூணு வருஷம் படிச்சிட்டு வந்தா நீ படிச்சது இங்கிலீஷே இல்லங்காங்க, என்னத்த சொல்ல. ஒப்புதல் இல்லாததால கவர்ன்மென்ட் சம்பளம் கிடையாது, மேனேஜ்மென்ட் ஏதோ குடுக்குறத வச்சு ஓடுது. ஸ்கூல்ல கேட்டா "பாப்போம் டீச்சர்"ங்குறதோட சரி. எங்க மாமா திங்கக்கிழம கொக்கிரகுளம் போயி கலெக்டர்ட்ட மனு குடுன்னு சொல்லுதாவ, ஃப்ரெண்டு நேரா மதுர ஹைகோர்ட்டுக்கு போன்னு சொல்லுதா. இதுக்கு அப்பீல்னு ஒண்ணு உண்டா இல்லயா? ஸ்கூல் பேரு ஆபீஸ் பேரு போடல, கேக்காதீங்க.

வண்ணாரப்பேட்டை வாத்தி:
டெட் பாஸ் பண்ணியாச்சுல்லா, அப்புறம் டிகிரிய பத்தி கேக்க அவங்களுக்கு ரைட்டே கிடையாது. அத சொல்லி சண்ட போடுங்க. ஆனா டெட் சர்டிபிகேட் ஏழு வருஷந்தான் செல்லும், அதுக்குள்ள முடிச்சிருங்க.

தென்காசி அக்கா:
வாத்தி சார், ரெண்டுமே தப்பு. ஏழு வருஷ கணக்கு 2021லயே போச்சு, இப்ப ஆயுசுக்கும் செல்லும், 2011ல இருந்து வாங்குன சர்டிபிகேட்டுக்கும் சேத்துதான். டெட்டுங்கது குறைந்தபட்ச தகுதில ஒண்ணு, அவ்ளோதான். 90 மார்க் எடுத்துட்டா டிகிரில உள்ள சிக்கல் தானா தீந்துராது. அத நம்பி சண்டைக்கு போனா ஆபீஸ்ல ஒரே வரில முடிச்சு விட்ருவாங்க.

பாளை பஸ் ஸ்டாண்டு:
உங்க ஸ்கூலு மைனாரிட்டியா? மைனாரிட்டி ஸ்கூலுக்கு டெட்டே வேண்டாம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கே.

தென்காசி அக்கா:
கல்வி உரிமைச் சட்டமே மைனாரிட்டி ஸ்கூலுக்கு பொருந்தாதுன்னு 2014ல சொன்னாங்க, அத வச்சுதான் டெட்டும் வேண்டாம்னு ஆச்சு. 2025 செப்டம்பர் 1ந்தேதி தீர்ப்புல அதயே பெரிய பெஞ்ச் பாக்கணும்னு அனுப்பியாச்சு, இன்னும் அந்த பஞ்சாயத்து கெடக்கு. இந்த புள்ளைக்குதான் டெட் இருக்கே, அதுக்குள்ள ஏன் போகணும். பிரச்சினை டிகிரி.

பொதிகை அடிவாரம்:
நான் கல்வித்துறைல கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவன். தாயி, எல்லாரும் சொல்றத அப்புறம் பாப்போம், மொதல்ல உங்க கைல இருக்க பேப்பர் என்னன்னு சொல்லுங்க. "செயல்முறைகள்"னு தலைப்பு போட்டு ந.க. எண் (ஃபைல் நம்பர்) போட்டு உத்தரவா வந்திருக்கா, இல்ல சும்மா கடிதமா? யாருக்கு போட்டிருக்கு? கடைசி பாராவ அப்படியே டைப் பண்ணுங்க. எழுத்து மாத்தாம.

களக்காட்டுக்காரி:
என்ட்ட இருக்கது ஜெராக்ஸோட ஜெராக்ஸ், ஸ்கூல் கிளார்க் அண்ணன்ட்ட கெஞ்சி வாங்குனது, சீல் மேல எழுத்து ஏறி பாதி தெரியல. தாளாளருக்குதான் போட்டிருக்கு, எனக்கு நகல் எதுவும் போடல. தலைப்புல கடிதம்னுதான் இருக்கு. கடைசி பாரா இது: "மேற்காண் ஆசிரியரின் பட்டப்படிப்பிற்கு இணைத்தன்மை அரசாணை இணைக்கப்படாததால் கருத்துரு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது." அவ்ளோதான் அண்ணாச்சி.

பொதிகை அடிவாரம்:
நெனச்சேன். தாயி, உங்கள இன்னும் நிராகரிக்கல. கருத்துருவ திருப்பிருக்காங்க. நிராகரிச்சா அது முடிவான உத்தரவு, அத எதுத்துதான் மேல போகணும். திருப்புனா குறைய சரி பண்ணி மறுபடி அனுப்பலாம், அனுப்புறதுக்கு ஸ்கூலுக்கு எந்த தடையும் கிடையாது. "உங்க டிகிரி சமம் இல்ல"ன்னு அந்த கடிதத்துல எங்கயும் இல்ல பாருங்க, "அரசாணை இணைக்கல"ன்னுதான் இருக்கு. ஆபீஸ்ல வாயால சொன்னது வேற, தாள்ல இருக்கது வேற. தாள்தான் கணக்கு.

அடுத்தது, கருத்துரு அனுப்புறது மேனேஜ்மென்ட், நீங்க இல்ல. அதனாலதான் கடிதம் தாளாளருக்கு வந்திருக்கு. மறுபடி அனுப்ப வேண்டியதும் அவருதான். இங்கதான் முக்காவாசி கேஸ் படுத்துருது, ஸ்கூல்ல ஒரு கிளார்க்கு அந்த கடிதத்த ஃபைல்ல சொருகி அலமாரில வச்சிருவாரு, டீச்சர் பாவம் ஆபீஸ் ஒப்புதல் தரலன்னு நெனச்சிட்டு இருக்கும், ஆபீஸ்ல ஸ்கூல்ல இருந்து இன்னும் வரலன்னு பெண்டிங் லிஸ்ட்டுல இருந்தே எடுத்திருப்பாங்க. நான் இருந்த சீட்டுலயே பாத்திருக்கேன்.

தென்காசி அக்கா:
அண்ணாச்சி சொல்றது சரி. இணைத்தன்மை அரசாணைய உயர்கல்வித் துறைதான் போடும். எந்த டிகிரி எதுக்கு சமம்னு பரிசீலிக்க இணைத்தன்மை கமிட்டி இருக்கு, தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வழியா போகும், ஆபீஸ் சென்னைல காமராஜர் சாலைல லேடி வெலிங்டன் காலேஜ் வளாகத்துல. கமிட்டி ஒத்துக்கிட்டா அரசாணையா வரும், பின்னாடி ஒரு பட்டியல் இருக்கும். மொதல்ல உங்க டிகிரிக்கு ஏற்கனவே அரசாணை இருக்கான்னு தேடுங்க, அரசு வெப்சைட்ல உயர்கல்வித் துறைக்குள்ள போயி வருஷம் வருஷமா பாக்கணும், பொறுமை வேணும். டிகிரி பேரு மட்டும் ஒத்துப்போனா போதாது, எந்த யூனிவர்சிட்டின்னு சேத்துதான் போட்டிருப்பாங்க. கோயம்புத்தூர் பக்கத்து யூனிவர்சிட்டி டிகிரிக்கு வந்த அரசாணைய நம்ம ஊரு டிகிரிக்கு வச்சா செல்லாது, எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் கெமிஸ்ட்ரில அப்படி மாட்டுனான்.

இல்லன்னா யூனிவர்சிட்டில ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல உங்க பேட்ச் சிலபஸ அட்டஸ்ட் பண்ணி வாங்குங்க, ரெகுலர் பி.ஏ. இங்கிலீஷ் சிலபஸும் சேத்து. கமிட்டில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுதான் பாப்பாங்க.

களக்காட்டுக்காரி:
அக்கா ரொம்ப தேங்க்ஸ். ஒரு டவுட்டு, அரசாணை நான் வேலைல சேந்த தேதிக்கு அப்புறம் வந்தா?

மதுர பெஞ்ச்:
வக்கீல் பேசுறேன். அங்கதான் சண்டையே வரும். சேந்த அன்னைக்கு தகுதி இல்ல, அரசாணை தேதில இருந்துதான்னு ஆபீஸ் சொல்லும். நாம சொல்றது, படிப்பு அதே படிப்புதான், அரசாணை புதுசா தகுதி குடுக்கல, இருந்த தகுதிய ஒத்துக்கிடுதுன்னு. ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு, அதனால இப்பவே உறுதி சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி அனுப்புற கருத்துருல "நியமன நாள் முதல்" ஒப்புதல் வேணும்னு தெளிவா கேக்க சொல்லுங்க, கேக்காம விட்டுட்டு பின்னாடி அரியர் கேட்டா கஷ்டம்.

கோர்ட்டுக்கு இப்பவே போகலாமான்னா, போகலாம், ஆனா ஜட்ஜ் மொத கேள்வியே "திருப்புன கருத்துருவ ஏன் மறுபடி அனுப்பல"ன்னுதான் இருக்கும். மறுபடி அனுப்பி, காரணம் எழுதி நிராகரிச்சாங்கன்னா அப்ப வாங்க. அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 226ல ரிட் மனு. அந்த உத்தரவ ரத்து பண்ணு, ஒப்புதல் குடுன்னு ரெண்டையும் ஒரே மனுல கேப்போம், செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்னு எங்க கோர்ட்டுல சொல்லுவோம். திருநெல்வேலி மதுர பெஞ்சுக்கு கீழதான் வரும், 2004ல பெஞ்ச் வந்ததுல இருந்து சென்னைக்கு அலைய வேண்டியதில்ல. தனி நீதிபதி தள்ளுபடி பண்ணாலும் 30 நாளுக்குள்ள ரெண்டு நீதிபதி பெஞ்சுல ரிட் அப்பீல் உண்டு.

நிராகரிப்பு உத்தரவுல என்ன காரணம் எழுதிருக்கோ அத வச்சுதான் அது நிக்கும் இல்ல விழும். கோர்ட்டுக்கு வந்தப்புறம் உபரி ஆசிரியர் இருக்காங்க, ஆகஸ்ட் 1 கணக்குப்படி புள்ளைங்க குறைவுன்னு பதில் மனுல புதுசா காரணம் சேக்க முடியாது. மொஹிந்தர் சிங் கில் வழக்குல 1977லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதனால எத சொன்னாலும் எழுத்துல வாங்குங்க.

ஒரேயடியா லேட் பண்ணாதீங்க. ரிட்டுக்கு இத்தன நாள்னு கெடு இல்ல, ஆனா வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டு வந்தா தாமதம்னே தள்ளிருவாங்க.

வண்ணாரப்பேட்டை வாத்தி:
வக்கீல் ஃபீஸுக்கு எங்க போகும் அந்த புள்ள, சம்பளமே இல்லங்குது.

மதுர பெஞ்ச்:
1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் பிரிவு 12 படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க போயி சொல்லுங்க, ஹைகோர்ட் கேஸுன்னா எங்க போகணும்னு அவங்களே வழி காட்டுவாங்க.

பொதிகை அடிவாரம்:
கலெக்டர் மனுவ பத்தி யாரும் சொல்லல. குடுக்கலாம், தப்பில்ல. ஆனா கொக்கிரகுளத்துல குடுக்குற மனு எங்க போகும்? அதே கல்வி ஆபீஸுக்கு "தக்க நடவடிக்கைக்காக"ன்னு வரும், அதே சீட்டுக்கு, அதே கிளார்க்கு பதில் எழுதுவாரு. ரசீது கிடைக்கும், அது ஒரு ஆதாரம், அதோட சரி. மாமாட்ட பக்குவமா சொல்லுங்க.

அதுக்கு பதிலா தகவல் உரிமைல போடுங்க. ஆபீஸ் ஃபைல்ல உங்க கருத்துரு சம்பந்தமான குறிப்பு பக்கம் எல்லாத்துக்கும் நகல் கேளுங்க, யாரு எப்ப என்ன எழுதி மேல அனுப்புனாங்கன்னு அதுல தெரிஞ்சிரும். "ஏன் ஒப்புதல் தரல"ன்னு கேள்வியா கேக்காதீங்க, விளக்கம் தர அவசியம் இல்லன்னு மடக்கிருவாங்க. 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் அப்பீல், அதுக்கு இன்னொரு 30 நாளுக்குள்ள போடணும். அப்புறமும் வரலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம்.

எது குடுத்தாலும் தபால் பிரிவுல குடுத்து நகல்ல சீலும் தேதியும் வாங்குங்க. ஸ்கூல்ல வருகைப் பதிவேட்டுல ஒரு நாள் கூட கையெழுத்து விடாதீங்க, டைம் டேபிள், மார்க் ரிஜிஸ்டர்ல உங்க பேரு இருக்க பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. மன உளைச்சல்ல ராஜினாமா லெட்டர் எழுதி குடுத்துட்டு வந்துராதீங்க, போனா எல்லாம் போச்சு.

களக்காட்டுக்காரி:
தாளாளர் ஐயாவ நேர்ல பாத்தேன். கடிதத்த காட்டுனதும் "இது திருப்பி அனுப்புனதுதானம்மா, நிராகரிச்சிட்டாங்கன்னுல்லா சொன்னாவ"ன்னு கிளார்க்க கூப்புட்டு கேட்டாரு. அவரு தலைய சொறிஞ்சாரு. மறுபடி அனுப்ப ஒத்துக்கிட்டாங்க, அரசாணை தேடுறது என் வேலை. 2013 வரைக்கும் பாத்தாச்சு, எங்க யூனிவர்சிட்டி பேரு இன்னும் கண்ணுல படல. தகவல் உரிமை மனு எழுதி வச்சிருக்கேன், பத்து ரூவா ஸ்டாம்ப் எது ஒட்டணும்? வீட்டுல ரெவின்யூ ஸ்டாம்ப் கெடக்கு, அது போதுமா?

பொதிகை அடிவாரம்:
போதாது. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்னு கேட்டு வாங்குங்க, ஸ்டாம்ப் வெண்டர்ட்ட கிடைக்கும். மனுவ "பொதுத் தகவல் அலுவலர்"னு முகவரி போட்டு அந்த ஆபீஸுக்கே அனுப்புங்க, ஸ்கூலுக்கு இல்ல. முதல் அப்பீலுக்கு ஸ்டாம்ப் வேண்டாம்.