புதுப்பிப்பு: கஞ்சா விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டேன்

பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், ராத்திரியில் கஞ்சாவும் உண்டு, மனநல டாக்டரிடம் சொன்னால் போலீசுக்கோ வீட்டுக்கோ போய்விடுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் சொல் என்றீர்கள், மீதிப் பேர் மூச்சு விடாதே என்றீர்கள்.

சொல்லிவிட்டேன். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. பேனாவைத் திறந்து வரிசையாகக் கேட்டார்: எத்தனை வருஷமாக, வாரத்தில் எத்தனை தடவை, புகையிலை கலந்தா, யாரோ கவனிப்பதுபோல் சந்தேகம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உண்டா. அப்படி இருந்தால் கஞ்சாவால் ஆபத்து கூடுமாம். படபடப்பைக் கஞ்சாவே கிளப்பலாம், அது தெரியாமல் டோஸை ஏற்றினால் குருட்டாம்போக்குதான் என்றார். புகை பிடிப்பதால் ஒலான்சபின், க்ளோசபின் மாதிரி மனச்சிதைவு மருந்துகளின் அளவு ரத்தத்தில் குறையும் என்பது எனக்குப் புதுசு (நான் அவை எடுப்பதில்லை). கஞ்சாவை விட்டால் முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அதற்காக மாத்திரையை நிறுத்தாதே என்றும் சொன்னார்.

சரி, போலீஸ் பயம்? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. அப்பாவிடம் என்ன சொல்வீர்கள் என்று நேராகவே கேட்டேன். "நீயே சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.